கடைசியாகத் தொட்டவர்

வாயைத் திறந்திருக்கக் கூடாது. திறந்துவிட்டார். மூடுவதற்குள் மேஜையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். அந்தப் பார்வையில் கொஞ்சம் அனுதாபமும், 'நல்லவேளை, நாம இல்ல' என்கிற நிம்மதி நிறையவும் இருந்தன.

"குறை ஒண்ணு இருக்குன்னு ஆரம்பிச்சீங்களே, என்ன அது?" என்றார் மேலாளர்.

"பெருசா ஒண்ணுமில்ல சார்."

"சின்னதாவே சொல்லுங்க."

அது சரக்குக் கிடங்குகளுக்கு மென்பொருள் எழுதித் தருகிற அலுவலகம். எந்த அலமாரியிலிருந்து எத்தனை பெட்டியை எந்த வண்டி எடுத்துவர வேண்டும் என்று கிடங்குக்காரர்களுக்குச் சொல்வது இவர்கள் எழுதிய நிரல்தான். அந்த நிரலை எழுதியிருக்கும் கணினி மொழிக்கு இப்போது ஏழாம் பதிப்பு வந்திருந்தது. மேலாளர் எங்கேயோ ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்து எழுந்துவிட்டு, ஏழாம் பதிப்பின் மேல் தீராத காதலோடு திரும்பியிருந்தார். பழையதைவிட வேகமாக ஓடுமாம். தப்பை முன்கூட்டியே பிடித்துக் கொடுக்குமாம். பத்து வரியில் எழுதியதை இரண்டு வரியில் முடித்துவிடலாமாம். பெண்ணின் ஒரு கண் பழுதை மறைக்கும் கல்யாணத் தரகரைப் போல மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனவர், கடைசியில் ஒரு மரியாதைக்கு, "நிறையை நான் சொல்லிட்டேன். குறைன்னு யாருக்காவது ஏதாவது படுதா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிடும். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். இவர் மட்டும் அன்று காலையிலிருந்தே நல்ல மனநிலையில் இருந்தார். நல்ல மனநிலையில் இருக்கிற மனிதனுக்கு நாக்கு நீளும்.

"பழைய வெர்ஷன்ல அஞ்சை ரெண்டால வகுத்தா, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுட்டு ரெண்டுன்னு சொல்லும். புதுசு ரெண்டரைன்னு சொல்லுது சார்."

"ரெண்டரைதானே கரெக்ட்?"

"கரெக்ட்தான் சார். அதான் பிரச்சினை."

"ஆமா சார். ரெண்டரைதான் சார் கரெக்ட்" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். அந்த நாற்காலிக்காரரை ஆபீஸில் ஆமாஞ்சாமி என்று கூப்பிடுவார்கள். மேலாளர் தும்மினாலும் 'ஆமா சார்' என்பார். ஆள் நல்லவர். புதிதாகச் சொந்த வீடு கட்டிக் குடியேறி, எந்நேரமும் அந்த வீட்டின் ஜன்னல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்.

"ஆக, குறை என்னன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்" என்றார் மேலாளர், இவரைப் பார்த்துப் புன்னகைத்து. "நீங்களே மாத்திடுங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வாயால் கெட்ட இந்த மனிதருக்கு ஆபீஸில் வைத்திருந்த பெயர் தாமரையிலை. எந்த வேலையும் அவர் மேல் ஒட்டாது. சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம்; தனக்குக் கொடுத்ததைச் சுத்தமாக முடித்துவிடுவார். ஆனால் பழைய நிரல் கோப்பு ஒன்றைத் திறக்கச் சொன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாம்புப் புற்றை எட்டிப் பார்ப்பதுபோல எட்டிப் பார்ப்பார். அதற்குக் காரணம் இருந்தது.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம். ஒரு கோப்பைக் கடைசியாக யார் தொட்டாரோ, அந்தக் கோப்பு அவர் தலையில். ஒரு கால்புள்ளியை நகர்த்தியிருந்தாலும் சரி, இனி அதில் என்ன கோளாறு வந்தாலும் அவரைத்தான் கேட்பார்கள். கூடத்துச் சுவரில் ஒரு பெரிய திரை. அதில் ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் எதிரே கடைசியாகத் தொட்டவரின் பெயர் ஓடிக்கொண்டே இருக்கும். பெயர் நிறைய ஓடுகிறவர்களை மேலாளர் எந்த ஊருக்கும் மாற்றல் கொடுத்து அனுப்பமாட்டார். 'இவர் போயிட்டா இதையெல்லாம் யார் பாக்கறது?' என்று ஒரே கேள்வியில் விண்ணப்பத்தை ஓரம்கட்டிவிடுவார்.

தாமரையிலைக்கு மாற்றல் வேண்டும். அவருடைய மனைவி அதே நிறுவனத்தின் வேறோர் ஊர்க் கிளையில் வேலை பார்த்தாள். மகளும் அவளோடு இருந்தாள். மகள் பிறந்த கொஞ்ச காலத்தில் வேலைக்காகப் பிரிந்தவர்கள். அந்தக் குழந்தைக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. அப்பா என்றால் செல்போனுக்குள் இருக்கிறவர் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போதே படம் மங்கிப் போக, "அம்மா, அப்பாவைச் சார்ஜ்ல போடு" என்று கத்தியது. மனைவி சிரித்தாள். இவரும் சிரித்தார். 

அவரது விண்ணப்பம் இந்த மாதம் மேலிடத்தின் பார்வைக்குப் போயிருக்கிறது என்று ஹெச்.ஆர். அம்மா அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். நல்ல மனநிலைக்கு அதுதான் காரணம். தான் எழுதியதை எல்லாம் பிறகு வேறு யாராவது தொட்டுவிட்டிருந்ததால், திரையில் தன் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை என்பதை அன்றும் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டுதான் அவர் மீட்டிங்குக்குப் போனார்.

சரி, ஆனது ஆயிற்று. யோசித்தார். ஏழாம் பதிப்போடு ஒரு மாற்றுக் கருவியும் கொடுத்திருந்தார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பழைய நிரலை அதுவே புதிய பதிப்புக்கு ஏற்ற மாதிரி திருத்திக் கொடுத்துவிடும். மனிதன் தொட வேண்டியதே இல்லை. கருவி தொட்டால் கருவியின் பெயர்தானே வரும்? அவர் தன் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

கருவி எல்லாக் கோப்பையும் தொட்டது. திருத்த ஒன்றுமே இல்லாத கோப்பிலும், வந்ததற்கு அடையாளமாக, கடைசியில் ஒரு வெற்று வரியைச் சேர்த்துவிட்டுப் போனது.

கூடத்தில் யாரோ விசில் அடித்தார்கள். எழுந்து போய்ப் பார்த்தார். திரையில் அவர் பெயர். அதற்குக் கீழே அவர் பெயர். அதற்கும் கீழே அவர் பெயர். நின்று பார்த்தார், ஓடிக்கொண்டே இருந்தது. நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து எழுதிய அத்தனை கோப்புகளுக்கும், எழுதியவர்களே வேலையை விட்டுப் போய்விட்ட கோப்புகளுக்கும், அவரே உரிமையாளர்.

"தாமரையிலை இப்ப குளத்தையே வாங்கிடுச்சு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் தொடல. பொத்தானைத்தான் அழுத்தினேன்."

"பொத்தானை யார் சார் அழுத்தினது?"

அவர் அங்கிருந்து நழுவினார். மேஜைக்குத் திரும்புவதற்குள் தொலைபேசி அடித்தது. கிடங்கு மேற்பார்வையாளர்.

"சார், இனிமே எல்லாத்துக்கும் உங்களைக் கேக்கணும்னு சொன்னாங்க. ரெண்டரைப் பெட்டி எடுத்துட்டு வான்னு ஸ்க்ரீன்ல வருது. அந்த அரைப் பெட்டியை எப்படி சார் எடுக்கறது? ரம்பத்தால அறுத்துடவா?"

"ஐயோ, வேண்டாம். உள்ள என்ன இருக்கு?"

"கண்ணாடி டம்ளர் சார்."

"எதையும் அறுக்காதீங்க. இதோ சரி பண்றேன்."

அரை வந்தால் முழுசாக ஏற்றிவிடு என்று நிரலில் ஒரு வரி சேர்த்தார். ஒவ்வொரு வண்டியும் ஒரு பெட்டி அதிகமாகத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன் மறுபடி தொலைபேசி.

"சார், வாசல்ல பெட்டிங்க நிக்குது. எங்களுக்கு நிக்க இடமில்ல. நான் பெட்டி மேல உக்காந்துதான் பேசிட்டிருக்கேன்."

சரி, பக்கத்தில் இருக்கிற முழு எண்ணுக்கு மாற்று என்று நிரலில் எழுதினார். அதற்கு ஏழாம் பதிப்பிலேயே ஒரு வசதி இருந்தது. ஆனால் சரிபாதியாக அரை வந்தால், பக்கத்தில் இருக்கிற இரட்டைப்படை எண்ணுக்குப் போய்விடும். இது ஏழாம் பதிப்பின் நிறைகளில் ஒன்று என்று மேலாளர் தனியாகப் பாராட்டியிருந்தார். அப்போதுதான் ஏற்ற இறக்கம் நியாயமாக இருக்குமாம்.

"சார், ரெண்டரையா இருந்தது ரெண்டாயிடுச்சு. மூணரையா இருந்தது நாலாயிடுச்சு. எங்களை வச்சு விளையாடறீங்களா?"

"இல்லைங்க, அது நியாயமான முறை."

"யாருக்கு சார் நியாயம்?"

தாமரையிலை தலையைப் பிடித்துக்கொண்டார். பழைய பதிப்பு செய்ததையே செய்துவிடுவோம், மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடுவோம் என்று முடிவு செய்து, நிரலில் வகுத்தல் வருகிற இடத்திலெல்லாம் அப்படியே மாற்றினார். பெட்டிகள் சரியாக வந்தன. ஆனால் அவர் மாற்றிய இடங்களில் எடைக் கணக்கும் இருந்தது. அங்கே அரையும் காலும் வேண்டியவை. அரைக் கிலோ பெட்டிக்கு இப்போது எடையே இல்லை. எடையே இல்லாத பெட்டியை எத்தனை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று நிரல் சொல்ல, வண்டியும் கூரை தொடுகிற வரை ஏற்றிக்கொண்டது.

"சார், வண்டிச் சக்கரம் கழண்டு ஓடிடுச்சு" என்றார் மேற்பார்வையாளர். அவர் குரலில் இப்போது கோபம்கூட இல்லை. "எங்க ஓடிச்சுன்னும் தெரியல."

பேசாமல் பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்று, கருவி செய்த அத்தனையையும் ஒரே மூச்சில் பின்வாங்கினார். ஆப்பசைத்த குரங்கு ஆப்பைத் திரும்பச் செருகப் பார்த்தது போலத்தான் ஆயிற்று. ஏனென்றால் கணினிகளில் மேலாளர் ஏழாம் பதிப்பைப் போட்டுவிட்டு, ஆறாம் பதிப்பை ஆசையோடு அழித்துவிட்டிருந்தார். பழைய நிரல் புதிய பதிப்பில் மூச்சுகூட விடவில்லை. கிடங்கில் எல்லாத் திரைகளும் இருண்டன. பின்வாங்கியதை மறுபடியும் பின்வாங்கி, எடைக் கணக்கைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொரு வகுத்தலாகத் தேடித் தேடிச் சரிசெய்தார். அதற்கே நாள்கள் போயின. கடைசியில் எல்லாம் ஓடியது. ஆறாம் பதிப்பைவிட வேகமாகவே ஓடியது. அந்தச் சந்தோஷத்தை அவரால் அனுபவிக்க முடியவில்லை. திரையில் அவர் பெயர் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது. இப்போது உண்மையிலேயே எல்லாக் கோப்பும் அவருக்குத் தெரியும் வேறு.

கெஞ்சிப் பார்த்தார். "ஃபைலுக்கு ஒரே ஒரு ஸ்பேஸ் அடிங்க போதும்" என்று பக்கத்து வரிசைக்காரரிடம் கேட்டார்.

"எங்க வீட்ல குழந்தை குட்டி இருக்கு சார்" என்றார் அவர்.

"எனக்கும் இருக்கு. அதனாலதான் கேக்கறேன்."

அதற்குப் பிறகு அவர் பக்கம் வருகிறவர்கள் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டே வந்தார்கள். கேன்டீனில் அவர் உட்கார்ந்தால் மேஜை காலியாகும். காப்பியை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தார்.

"முடிஞ்சு போச்சு. எல்லா ஃபைலும் என் பேர்ல. என்னை இங்கேயே புதைச்சுடுவாங்க."

"பதறாதீங்க. என்னங்க, இங்க ஒரு விஷயம் பேசிக்கறாங்க. எங்க மேனேஜரும் ஏழாவது வெர்ஷனுக்கு மாறணும்னு..."

"அந்த வெர்ஷன் பேரைச் சொல்லாதே. உங்க ஆபீஸ் கதையைக் கேக்கற நிலைமையில நான் இல்ல."

"அதுக்கில்லங்க..."

"குழந்தைகிட்ட குடு."

குழந்தை திரையில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, "அப்பா, நீ எப்ப வெளிய வருவே?" என்றது. போனை விட்டு எப்போது வெளியே வருவாய் என்று கேட்கிறது.  பிள்ளை வளர்வதைப் படமாகவே பார்த்து முடித்துவிடுவோமோ என்ற பயம் அன்றைக்கு முதல்முறையாக அவரை உலுக்கியது.

போனை வைத்தபோது, தூரத்தில் ஹெச்.ஆர். அம்மா அவரைத் தேடிக்கொண்டு வருவது தெரிந்தது. திரையைப் பார்த்திருப்பார், விண்ணப்பம் தள்ளுபடி என்று சொல்லத்தான் வருகிறார். தாமரையிலை எழுந்து தண்ணீர் இயந்திரத்தின் பின்னால் போய் நின்றுகொண்டார். அது அவரைவிட ஒல்லியான இயந்திரம்.

"சார், அங்க என்ன பண்றீங்க?"

"தண்ணி... பின்னால ஒழுகுதான்னு பாத்தேன்."

"உங்களைத்தான் தேடிட்டு ஓடி வர்றேன். ஸ்க்ரீன்ல எல்லா ஃபைலும் உங்க பேர்லதானே இருக்கு? மேல பதில் அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

அவர் இரண்டு கையையும் வேகமாக ஆட்டினார். "இல்லைங்க! இல்லவே இல்ல. அதெல்லாம் அந்தக் கருவி பண்ண வேலை. எனக்கும் அந்த ஃபைல்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

"அப்படியா?" அந்த அம்மாவின் முகம் வாடியது. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். நான் இப்ப வெளிய எதுவும் சொல்லக் கூடாது."

"யோசிக்க ஒண்ணுமே இல்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் அனுப்பாம வைங்க. அதுக்குள்ள ஸ்க்ரீன்ல என் பேர் ஒரு இடத்துலகூட இருக்காது. உங்க கண்ணாலேயே பாருங்க."

"சரி, நீங்களே இவ்வளவு தீர்மானமா சொல்றப்போ..." என்று அரைமனதாகச் சொல்லிவிட்டு அவர் போனார். அந்த நல்ல பெண்மணியின் மனதைக் கெஞ்சிக் கரைத்துவிட்டோம் என்று தாமரையிலை நெகிழ்ந்தார்.

வெள்ளிக்கிழமைக்குள் என்று வீராப்பாகச் சொல்லியாயிற்று. எப்படி? இரவெல்லாம் புரண்டதில் ஒரு வழி தோன்றியது. கொஞ்சம் பாவமான வழி. ஆனால் கழுத்து வரை தண்ணீர் வந்தவன் பக்கத்தில் நிற்பவன் தோளைத்தான் பிடிப்பான்.

காலையில் மேலாளரின் அறைக்குப் போனார்.

"சார், ஏழாம் வெர்ஷனோட முழு அழகு இன்னும் நமக்கு வரல."

"ஏன், என்ன குறை?"

"குறைன்னு சொல்ல மாட்டேன் சார்." அந்தச் சொல்லை இனி ஜென்மத்துக்கும் சொல்வதில்லை என்று அவர் சபதம் செய்திருந்தார். "ஒவ்வொரு வரிக்கும் முன்னால விடற இடைவெளி இருக்கே, பழைய ஃபைல்ல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி விட்டிருக்காங்க. புது வெர்ஷன் எழுதினவங்களே இத்தனைதான் விடணும்னு சொல்லியிருக்காங்க. எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கிட்டா, கருத்தரங்குல காட்டினாங்களே, அதே மாதிரி இருக்கும்."

மேலாளரின் கண்ணில் கருத்தரங்கு மின்னியது. உடனே மீட்டிங்.

"எல்லா ஃபைல்லயும் இடைவெளியை ஒரே மாதிரி மாத்தணும்னு நினைக்கறேன்" என்றார் மேலாளர். "எப்படி?"

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். தாமரையிலை உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கவ்விக்கொண்டு, கூரையில் இருந்த ஒரு ஈரக்கறையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆமா சார்" என்றது பக்கத்து நாற்காலி. "அருமையான யோசனை சார். இன்னைக்கே பண்ணிடலாம் சார்."

"வெரி குட். அப்ப நீங்களே பண்ணிடுங்க."

ஆமாஞ்சாமியின் முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்க்காமல் இருக்க, தாமரையிலை அந்த ஈரக்கறையையே பிடித்துக்கொண்டார். வியாழன் மாலை கூடத்துத் திரை ஒருமுறை சிமிட்டியது. அவர் பெயர் மறைந்தது. மேலிருந்து கீழ்வரை ஆமாஞ்சாமியின் பெயர் ஓடியது. தாமரையிலை நின்று முழுதும் பார்த்தார். பழையபடி ஒரு சொட்டுக்கூட ஒட்டவில்லை. ஏழாம் பதிப்பில் நிறைகளும் இருக்கத்தான் செய்கின்றன என்று முதல்முறையாக அவருக்குத் தோன்றியது.

மனைவிக்குப் போன் செய்தார். "பீரோல எனக்கு ஒரு தட்டு ஒழிச்சு வை."

"நிஜமாவாங்க?"

"நிஜமாத்தான். குழந்தைகிட்ட சொல்லு, அப்பா போனை விட்டு வெளிய வரப் போறேன்னு."

மனைவி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இவருக்கும் கண் கலங்கியது.

வெள்ளிக்கிழமை காலையில், முகச்சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஹெச்.ஆர். அறைக்குப் போனார். வாசலில் ஆமாஞ்சாமி உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு உறை. கண்கள் சிவந்திருந்தன.

"என்ன சார் ஆச்சு?"

"டிரான்ஸ்ஃபர்" என்றார் ஆமாஞ்சாமி. "மேலிடத்து ஆர்டராம், நம்ம மேனேஜராலயே தடுக்க முடியாதாம். ஜன்னலுக்கு இப்பதான் சார் கம்பி வச்சேன்."

"எந்த ஊருக்கு?"

ஆமாஞ்சாமி ஊர்ப் பெயரைச் சொன்னார். தாமரையிலையின் மனைவியும் மகளும் இருக்கிற ஊர்.

காதில் விழுந்தது மனதில் விழக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. கதவைத் தட்டக்கூட மறந்து உள்ளே போனார். ஹெச்.ஆர். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்திலும் வருத்தம்தான் இருந்தது.

"நீங்க சொன்னது சரிதான் சார். பாத்தேன். உங்க பேர் ஒரு இடத்துலகூட இல்ல."

"அப்ப... என் டிரான்ஸ்ஃபர்?"

"அந்த ஊர் கிளையில ஏழாம் வெர்ஷனுக்கு மாத்தித் தர ஒரே ஒரு ஆள்தான் வேணுமாம் சார். 'உங்க ஆபீஸ்ல எல்லா ஃபைல்லயும் கடைசியா யார் பேர் இருக்கோ அவரை உடனே அனுப்புங்க'ன்னு போன வாரம் மேலிடத்துல இருந்து எழுதினாங்க. அதனாலதான் சார், தண்ணி மெஷின் வரைக்கும் தேடி வந்து, உங்க பேர்தானேன்னு ரெண்டு தடவை கேட்டேன்."